மூன்றாம் வருடத்து ஒயர்

மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையின் ஸ்டோர் ரூம் சாவி என்னிடம் இருந்தது. பச்சிளம் குழந்தைகள் வார்டுக்குப் பின்புறம், ஜன்னல் இல்லாத அறை. உள்ளே நான்கு வார்மர்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தையைக் கிடத்தி, மேலிருந்து சூடு கொடுப்பதற்கான கட்டில் அது. நான்கும் நன்கொடையாக வந்தவை. கொடுத்தவர்களின் ஸ்டிக்கர் பக்கவாட்டில் பளபளவென்று அப்படியே இருந்தது. பிளக்கைச் சொருகிப் பார்த்தேன். ஹீட்டர் சூடானது, டிஸ்ப்ளே எரிந்தது, சக்கரம் உருண்டது. கெட்டுப்போயிருந்தது ஒன்றே ஒன்று, குழந்தையின் வயிற்றில் ஒட்டுகிற சென்சார் ஒயர்.

செல்போன் சார்ஜர் ஒயரைவிட மெல்லியது அது. ஒரு முனையில் சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வட்டம், அதற்குள் வெப்பத்தை உணரும் ஒரு துளி. மறுமுனையில் பிளக். ஒவ்வொரு குழந்தைக்குப் பிறகும் ஸ்பிரிட் போட்டுத் துடைப்பதால் மேலுறை நாளடைவில் காய்ந்து விறைத்துவிடும். பிளக்கை ஒட்டி மடங்குகிற இடத்தில் முதலில் விட்டுப்போகும். ஒரு வருடம் தாங்கினால் பெரிய விஷயம். சென்சார் இல்லையென்றால் குழந்தையின் உடம்புச் சூடு என்னவென்று கருவிக்குத் தெரியாது. அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும். மேனுவலில் ஓட்டலாம், ஆனால் பக்கத்திலேயே ஓர் ஆள் நின்று பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை அதிகமாகச் சூடேறிவிடும், அல்லது குளிர்ந்துவிடும்.

"இந்தச் சத்தத்தை வச்சுக்கிட்டு மத்த குழந்தைங்களை எப்படி சார் பார்க்கிறது? இதை எடுத்துட்டுப் போங்க" என்று இரவு ட்யூட்டி சிஸ்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அப்படித்தான் நான்கும் ஒவ்வொன்றாக அந்த அறைக்கு வந்து சேர்ந்தன. அவரைக் குறை சொல்ல முடியாது.

ஒயர் கேட்டு எழுதினேன். கணக்குப் பிரிவில் இருந்தவர் நல்ல மனிதர், நியாயமாகத்தான் கேட்டார்: "சார், இந்த மெஷின் நாம வாங்கினதே இல்லை. நம்ம கணக்குல இல்லாத மெஷினுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் எந்தத் தலைப்புல போடறது?" யோசித்து 'இதர செலவுகள்' என்ற தலைப்பில் போட்டோம். அந்த வருடம் செலவைக் குறைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது முதலில் அடிபட்ட வரி அதுதான்.

கொடுத்தவர்களின் ஆண்டறிக்கையில் நான்கு வார்மர்களும் 'வழங்கப்பட்டவை' என்று இருந்திருக்கும். அதில் பொய்யில்லை.

பல வருடம் கழித்து, தாய்சேய் நலத்துக்கான புதுக் கண்டுபிடிப்புகளுக்கு நிதி கேட்டு வரும் விண்ணப்பங்களைப் படித்துத் தொழில்நுட்பக் கருத்து சொல்லும் வேலை சில முறை கிடைத்தது. ஒவ்வொரு விண்ணப்பத்திலும் நான் முதலில் தேடுவது அந்த ஒயரைத்தான். கருவி எவ்வளவு புத்திசாலித்தனமானது என்பது அப்புறம். மூன்றாம் வருடத்தில், நிதி முடிந்த பிறகு, இதற்கு வேண்டிய சில்லறைச் சாமானை யார் வாங்குவார்கள்?

இந்தத் துறையில் அறிவுக்குப் பஞ்சமில்லை. 2023இல் உலகம் முழுவதும் சுமார் 2,60,000 பெண்கள் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் இறந்தார்கள். பிறந்து 28 நாள் முடிவதற்குள் இறக்கும் குழந்தைகள் வருடத்துக்குச் சுமார் 23 லட்சம். தாய்க்கு ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், கிருமித்தொற்று. குழந்தைக்குக் குறைமாதம், பிறக்கும்போது மூச்சு வராமல் போவது, அங்கும் தொற்று. பெரும்பாலான சாவுகள் இந்தச் சில காரணங்களுக்குள் அடங்கிவிடும், இவற்றுக்கெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. லட்சம் பிறப்புக்குத் தாய் இறப்பை 2030க்குள் 70க்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா.வின் இலக்கு. 2023 கணக்குப்படி அது 197.

2011இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட், நார்வே அரசு, கேட்ஸ் அறக்கட்டளை, கனடாவின் கிராண்ட் சேலஞ்சஸ் போன்றவை சேர்ந்து 'சேவிங் லைவ்ஸ் அட் பர்த்' என்ற நிதிப் போட்டியைத் தொடங்கின. சின்ன யோசனைக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை விதைப்பணம். அது தேறினால் விரிவாக்க 20 லட்சம் டாலர் வரை. நல்ல ஏற்பாடுதான். முடங்கிக் கிடந்த எத்தனையோ யோசனைகளுக்கு அதனால் கதவு திறந்தது. அதில் எல்லோருக்கும் பிடித்த கதை ஹோர்ஹே ஓடோனுடையது. அர்ஜென்டினாவில் கார் மெக்கானிக். காலி பாட்டிலுக்குள் விழுந்த தக்கையை ஒரு பிளாஸ்டிக் பையை ஊதி வெளியே இழுக்கும் வித்தையைப் பார்த்துவிட்டு, சிக்கிக்கொண்ட குழந்தையின் தலையையும் இப்படி எடுக்கலாமே என்று யோசித்தார். 2006 வாக்கில் வந்த யோசனை. உலக சுகாதார நிறுவனம் ஆர்வம் காட்டியது, 2013இல் பெரிய மருத்துவக் கருவி நிறுவனமான பெக்டன் டிக்கின்சன் அதற்கு உரிமம் வாங்கியது. பத்திரிகைகள் கொண்டாடின. ஆனாலும் இன்றைக்கு ஒரு சாதாரணப் பிரசவ அறையில் அதைப் பார்க்க முடியாது. ஓடோன்மேல் குற்றமில்லை. ஒரு கருவியை மனித உடலில் பாதுகாப்பாகச் சோதித்து, அளவுகளைத் திருத்தி, மறுபடி சோதித்து முடிக்க அவ்வளவு காலம் ஆகத்தான் செய்யும். செய்தித்தாள் மட்டும் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

நியோநர்ச்சர் கதை இன்னும் கொஞ்சம் கசப்பு. கார் உதிரிபாகங்களால் செய்த இன்குபேட்டர். சூட்டுக்கு ஹெட்லைட், மின்சாரம் போனால் மோட்டார் சைக்கிள் பேட்டரி. கார் ரிப்பேர் செய்யத் தெரிந்தவர் எந்த ஊரிலும் இருப்பார் என்ற யோசனை. என் போன்ற ஆளுக்குக் கேட்டதுமே மனம் குளிர்ந்துவிடும், எனக்கும் குளிர்ந்தது. 2010இல் டைம் பத்திரிகையின் சிறந்த கண்டுபிடிப்புகள் பட்டியலில் இடம்பிடித்தது. ஆனால் தயாரித்து விற்க யாரும் முன்வரவில்லை. வடிவமைத்த குழுவின் தலைவர் டிமோதி பிரெஸ்டெரோ அதை மேடையிலேயே ஒப்புக்கொண்டார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அடுத்த முறை அவர்கள் தயாரிப்பாளரைப் பிடித்துவிட்டுத்தான் வரையவே ஆரம்பித்தார்கள். வியட்நாமில் இருந்த ஒரு கருவி நிறுவனத்தோடு சேர்ந்து செய்த அந்தக் கருவி ஃபயர்ஃபிளை, மஞ்சள் காமாலைக்கு ஒளி சிகிச்சை தருவது. அதில் ஒரு சின்ன விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். படுக்கையை ஒரே ஒரு குழந்தை மட்டும் படுக்கிற அளவுக்கு வைத்தார்கள். அகலமாக இருந்தால் கூட்டமான வார்டில் இரண்டு மூன்று குழந்தைகளைச் சேர்த்துப் படுக்கவைப்பார்கள், தொற்று பரவும். நர்ஸிடம் 'ஒன்றுக்கு மேல் வைக்காதீர்கள்' என்று போர்டு மாட்டுவதைவிட இடத்தைக் குறைத்தது புத்திசாலித்தனம். வார்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தோன்றும்.

ரத்தப்போக்கை அளக்கும் பையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரசவத்துக்குப் பின் எவ்வளவு ரத்தம் போனது என்று கண்ணால் பார்த்தே மதிப்பிடுவது வழக்கம். துணியில் ஊறியது, தரையில் சிந்தியது, தண்ணீரோடு கலந்தது எல்லாவற்றையும் பார்த்து, "ஒரு முந்நூறு இருக்கும்" என்பார்கள். அனுபவசாலிகளும் குறைத்துத்தான் சொல்வார்கள். இதற்கு ஒரு பை உண்டு. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பு, கீழே புனல் மாதிரி தொங்கும், அதில் மில்லி அளவுக் கோடுகள். குழந்தை பிறந்த கையோடு தாயின் இடுப்புக்கு அடியில் விரித்துவிட்டால், கட்டில் விளிம்பில் தொங்கும் பையில் ரத்தம் சேரும். எந்தக் கோட்டைத் தொட்டது என்று குனிந்து பார்த்தால் போதும். இப்படியொரு பை 2006இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த, கர்நாடகாவின் பெல்காமில் நடந்த ஆய்விலேயே பயன்பட்டிருக்கிறது. புதிய பொருள் என்று சொல்லவே முடியாது.

அந்தப் பையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 13 ஐரோப்பிய நாடுகளில் சுமார் 25,000 பிரசவங்களில் சோதித்து 2010இல் முடிவை வெளியிட்டார்கள். கடுமையான ரத்தப்போக்கு குறையவில்லை. அத்தோடு பையின் கதை முடிந்துவிட்டது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

2023இல் இ-மோட்டிவ் ஆய்வு வந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா. 80 மருத்துவமனைகள், இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள். கிட்டத்தட்ட அதே பைதான். ஆனால் இந்த முறை பையோடு ஒரு வேலைமுறையும் சேர்ந்து வந்தது. கோட்டைத் தொட்டதும் கர்ப்பப்பையை அழுத்தித் தேய்ப்பது, கர்ப்பப்பை சுருங்க மருந்து, ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியாகத் திரவம், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பரிசோதிப்பது. ஒன்று கேட்கவில்லையென்றால் அடுத்தது என்று காத்திருக்காமல் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுவது. மருந்துகளை ஒரே இடத்தில் தயாராக வைத்தார்கள். ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதற்கென்று ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள். மாதாமாதம் அவர்கள் கணக்கை அவர்களுக்கே காட்டினார்கள். விளைவு: கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறக்க நேர்வது, அதனால் சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், வழக்கமான முறையே தொடர்ந்த மருத்துவமனைகளில் 4.3 சதவீதம், இந்த வேலைமுறை வந்த இடங்களில் 1.6. 60 சதவீதக் குறைவு. வழக்கமான முறையில் ரத்தப்போக்கு வந்தவர்களில் பாதிப் பேரைத்தான் கண்டுபிடித்தார்கள். புது முறையில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேரை.

பையைத் தவிர அந்தப் பட்டியலில் இருந்த எதற்கும் ஸ்டிக்கர் ஒட்ட முடியாது. மருந்தை ஒரே தட்டில் வைப்பதற்கும், மாதாந்திரக் கூட்டத்துக்கும், பொறுப்பாளரின் நேரத்துக்கும் கண்டுபிடிப்புப் போட்டியில் பரிசு கிடையாது. ஆனால் பதின்மூன்று வருட இடைவெளியில் ஒரே பை வேறு வேறு பலன் தந்ததற்கு எனக்குத் தெரிந்து அதுதான் காரணம்.

அந்த டிரானெக்ஸாமிக் அமிலத்துக்கு ஒரு கிளைக்கதை. ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962இல் கண்டுபிடித்தது. பிரசவ ரத்தப்போக்குக்கு இது உதவுமா என்று பெரிய அளவில் சோதித்து முடிவு வந்தது 2017இல், 20,000க்கும் மேற்பட்ட பெண்களிடம். மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்குச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. இடையில் 55 வருடம். ஒகமோட்டோ 2016இல் 98 வயதில் காலமாகிவிட்டார். காப்புரிமை முடிந்துபோன மலிவு மருந்தைச் சோதிக்க யாருக்கும் அவசரமில்லை, அதில் சம்பாதிக்க ஒன்றுமில்லையே.

வேலைமுறையைக் கொடுத்தாலே போதும் என்றும் சொல்லிவிட முடியாது. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களில் பெட்டர்பர்த் ஆய்வு நடந்தது. பிரசவத்தின்போது செய்ய வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதிய சரிபார்ப்புப் பட்டியல், கூடவே பயிற்சியாளர் நேரில் வந்து சொல்லித்தருவது. இரண்டாம் மாதத்தில் செய்ய வேண்டியவற்றில் 73 சதவீதம் நடந்தது, பயிற்சி இல்லாத இடங்களில் 42 சதவீதம். பயிற்சியாளர் வருவது எட்டாம் மாதத்தோடு நின்றது. பன்னிரண்டாம் மாதத்தில் அது 62ஆக இறங்கிவிட்டது. தாய், குழந்தை இறப்பிலோ பெரிய பாதிப்பிலோ வித்தியாசம் இல்லை. 2017இல் இந்த முடிவு வந்தபோது பலருக்கு ஏமாற்றம். எனக்கு அந்த 73உம் 62உம்தான் கண்ணில் பட்டன. வருடம் முடிவதற்குள் இவ்வளவு கரைந்தால் மூன்றாம் வருடத்தில் என்ன மிஞ்சும்? தாளில் உள்ளதைச் செய்தாலும் அங்கே ரத்தம் ஏற்ற வசதியோ அறுவை சிகிச்சையோ இல்லையென்றால் சிக்கலான பிரசவத்தை என்ன செய்வது?

விரிவாக்கமே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. குறைமாதப் பிரசவம் நெருங்கும்போது தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவமடையும். நியூசிலாந்தில் 1972லேயே நிரூபித்தது. சரி, இதை எல்லா இடத்துக்கும் கொண்டுபோகலாம் என்று ஆறு நாடுகளில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் பிறப்புகளில் முயன்றார்கள். 2015இல் வந்த முடிவில் ஒட்டுமொத்தமாகப் பச்சிளம் குழந்தைகளின் இறப்பு கூடியிருந்தது. எத்தனை வாரம் என்று ஸ்கேன் பார்த்துச் சரியாகக் கணிக்க முடியாத இடங்களில், ஊசி தேவைப்படாதவர்கள் பலருக்கும் போய்ச் சேர்ந்தது. 2020இல் அதே ஊசியை, ஸ்கேனும் குறைமாதக் குழந்தையைப் பராமரிக்கும் வசதியும் இருந்த மருத்துவமனைகளில் மட்டும் சோதித்தபோது இறப்பு குறைந்தது. நிதி கொடுப்பவர்களின் கூட்டத்தில் 'எத்தனை லட்சம் பேரைச் சென்றடைந்தது' என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு 2015தான் ஞாபகம் வரும்.

முடிந்தவரை நல்லபடியாக நடந்ததற்கும் உதாரணம் உண்டு. கர்ப்பப்பை சுருங்கக் கொடுக்கும் ஆக்சிடோசினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மின்சாரம் நிலையில்லாத இடங்களில் குளிர்பதனப் பெட்டியில் இருப்பது மருந்தா வெறும் தண்ணீரா என்பதே சந்தேகம். அதே வேலையைச் செய்யும், வெப்பம் தாங்கும் கார்பெட்டோசின் மருந்தை 10 நாடுகளில் கிட்டத்தட்ட 30,000 பெண்களிடம் சோதித்து 2018இல் முடிவு வெளியிட்டார்கள். அடுத்த வருடமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது, ஏழை நாடுகளின் அரசு மருத்துவமனைகளுக்குக் குறைந்த விலையில் தருவதாகத் தயாரிப்பு நிறுவனம் முன்னமே ஒப்பந்தம் போட்டிருந்தது. விலைப் பேச்சைக் கடைசிக்குத் தள்ளவில்லை. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாட்டிலும் பதிவு, கொள்முதல் பட்டியல், பயிற்சி என்று நடை நடைதான்.

கங்காரு பராமரிப்பில் விற்பதற்கே எதுவும் இல்லை. 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் டாக்டர் எட்கர் ரே, இன்குபேட்டர் போதாமல் குறைமாதக் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் தொட அணைத்து வைக்கச் சொன்னார். 2021இல் ஐந்து நாடுகளில் 3,211 குழந்தைகளிடம் பார்த்தார்கள். உடல்நிலை சீரான பிறகு என்று தள்ளிப்போடாமல் பிறந்த உடனே தொடங்கினால், 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12க்குக் குறைகிறது. இலவசம்தானே, ஏன் எல்லா இடத்திலும் இல்லை? தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் தாய்க்குக் கட்டில் வேண்டும். சுவரை இடித்துக் கதவை மாற்ற வேண்டும். அவர் அறுவை சிகிச்சை முடிந்து வந்தவராக இருந்தால் அவரைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸும் அங்கேயே வேண்டும். 'கட்டடம்', 'பணியாளர்' என்ற இரண்டு தலைப்பையும் கண்டுபிடிப்பு நிதி தொடாது.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் குழந்தைக்கு மூச்சு உதவி தரும் மலிவான சிபாப் கருவி ஒன்றைச் செய்து மலாவியில் சோதித்தார்கள். வெறும் ஆக்சிஜன் பெற்றவர்களில் 44 சதவீதம் பிழைத்த இடத்தில் சிபாப் பெற்றவர்களில் 71 சதவீதம் பிழைத்தார்கள். நான் மெச்சுவது அடுத்து நடந்ததை. அந்த ஒரு கருவியோடு ஓடாமல், 2019இல் நெஸ்ட்360 என்ற கூட்டணியாக ஆப்பிரிக்காவில் நான்கு நாடுகளில் இறங்கினார்கள். வார்டுக்கு வேண்டிய கருவிகளை ஒரு தொகுப்பாகக் கொடுத்து, நர்ஸுக்குப் பயிற்சி, வார்டுக் கணக்குகள், கூடவே கருவி பழுதுபார்க்கும் டெக்னீஷியனுக்கும் பயிற்சி என்று திட்டம் போட்டார்கள். திட்ட ஆவணத்தில் என் சாதிக்காரன், அதாவது ஸ்பேனர் பிடிக்கிறவன், இடம்பெற்றதைப் பார்த்தபோது கொஞ்சம் நெகிழ்ந்துதான் போனேன்.

2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலை 1 முதல் யுஎஸ்எய்ட் தனி அமைப்பாகவே இல்லை. மூன்றாம் வருடத்துக்காகக் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் மூன்றாம் வருடம் வந்துவிட்டது. சொந்த நாட்டு பட்ஜெட்டில் ஒரு வரியாக ஏறியிருந்த மருந்தும் பையும் தப்பிக்க வழியிருந்தது. திட்டப் பணத்தில் மட்டும் ஓடியவை அப்படியே நின்றன.

போன முறை ஒரு விண்ணப்பம் படித்தேன். பச்சிளம் குழந்தையின் உடல்வெப்பத்தைக் கண்காணிக்கும் கருவி. வடிவமைப்பு அருமை, உண்மையாகவே. பாதத்தில் கட்டும் பட்டையோடு சென்சார், பட்டையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நிதிக்காலம் முடிந்த பிறகு பட்டைக்கு யார் செலவு செய்வார்கள் என்ற கட்டத்தில் 'அரசு ஏற்றுக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம்' என்று எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் இப்படித்தான் எழுதுவார்கள். அரசின் பட்ஜெட்டில் எந்தத் தலைப்பின் கீழ் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். எட்டு நாள் கழித்துப் பதில் வந்தது. துறை அதிகாரியிடமே பேசி உறுதி செய்துவிட்டார்களாம்.

தலைப்பு: 'இதர செலவுகள்'.